பூமியின் இரும்பு அடியில் இறங்கியது எப்போது? டங்ஸ்டன் கணக்கும் ஈயக் கணக்கும்

பூமி திரண்டுகொண்டிருந்த காலத்தில் உருகிய இரும்பு அடியில் இறங்கிக் கருவமானது. பாறை மேலே நின்று கவசமானது. இது எப்போது நடந்தது என்பதற்கு இரண்டு ஐசோடோப்புக் கடிகாரங்கள் (ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள் சிதைவதை வைத்துக் காலம் கணிப்பவை) பதில் சொல்கின்றன. இரண்டு பதிலும் ஒத்துப்போவதில்லை.

ஈயக் கடிகாரம் மூத்தது. யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது, யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகிறது. 1956-இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டு என்று சொன்ன வயது இன்றும் நிற்கிறது. விண்கல்லின் வயதுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கருவம் பிரிந்த காலத்தைக் கேட்டால் தடுமாறுகிறது. ஈயம் கந்தகத்தோடு சேர்ந்து கருவத்துக்குள் இறங்கும். சூட்டில் எளிதில் ஆவியாகியும் போகும். கவசத்தில் ஈயம் குறைந்திருப்பது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் அது காட்டும் காலம் பல கோடி ஆண்டு பிந்தி விழுகிறது.

டங்ஸ்டன் கடிகாரம் இந்தக் கேள்விக்கென்றே அமைந்தது போன்றது. ஹாஃப்னியம்-182, 89 லட்சம் ஆண்டு அரை ஆயுளுடன் டங்ஸ்டன்-182 ஆக மாறுகிறது. ஹாஃப்னியம் பாறையை விட்டு நகராது. டங்ஸ்டனுக்கு இரும்பின் மேல் நாட்டம். ஹாஃப்னியம்-182 தீர்வதற்குள் கருவம் பிரிந்துவிட்டால், அதற்குப் பிறகு உண்டாகும் டங்ஸ்டன்-182 கவசத்திலேயே தங்கிவிடும். உருகிப் பிரியாத பழைய விண்கற்களான காண்டிரைட்டுகளோடு ஒப்பிட்டால் பூமிக் கவசத்தில் அந்த உபரி பத்தாயிரத்தில் ஏறக்குறைய 2 பங்குதான்! 2002-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து இதை உறுதிசெய்தன. கிடைத்த காலம், சூரியக் குடும்பம் பிறந்து சுமார் 3 கோடி ஆண்டு.

நான் டங்ஸ்டன் பக்கம். ஆனால் அந்த 3 கோடியை முடிவுத் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூமி திரளும்போது அதன் மேல் வந்து மோதிய வேறொரு கோளின் கருவம் கவசத்தோடு கலக்காமல் நேரே பூமியின் கருவத்தில் சேர்ந்திருந்தால், பழைய உபரி அழியாது. உண்மையில் பிரிவு இன்னும் பிந்தியும் முடிந்திருக்கலாம். செவ்வாயில் இந்தச் சிக்கல் குறைவு. அது சுமார் 20 லட்சம் ஆண்டுகளில் இன்றைய அளவில் பாதியை எட்டிவிட்டது என்று 2011-இல் வந்த கணக்கை நான் கூடுதலாக நம்புவது அதனால்தான்.

நிலவில் மட்டும் டங்ஸ்டனும் ஏமாற்றும். அண்டக் கதிர்கள் கிளப்பும் நியூட்ரான்களை விழுங்கி, டாண்டலம்-181 கடைசியில் டங்ஸ்டன்-182 ஆகிவிடுகிறது. ஆரம்பத்தில் பலர் இதைத்தான் பழங்கால உபரி என்று எண்ணினார்கள். 2007-இல் டாண்டலம் இல்லாத உலோகத் துகள்களை நிலவுப் பாறைகளிலிருந்து பிரித்து அளந்த பிறகுதான் அது தெளிந்தது.