குளம்பில் கறுப்புப் பசை அடைத்து லாடம் அடிக்கிற ‘டாக்டர்’: மெரினாவில் குதிரை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணகி சிலைக்குப் பின்பக்க மணலில் ஒரு பையன் என் அப்பாவிடம் வந்து, “மாமா, உங்க குதிரை பேபிக்கு ஊசி போட்டாரே, அவர் நம்பர் இருக்கா? ஒரே நாள்ல நடக்க வெச்சிடுவாராமே” என்று கேட்டிருக்கிறான். அப்பா நம்பர் தரவில்லை. ஏன் தரவில்லை என்றும் சொல்லவில்லை. வெட்கம். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

எங்களிடம் இரண்டு குதிரைகள். அப்பா 22 வருடமாக மெரினாவில் சவாரி விடுகிறார். பேபி செவலைப் பெட்டைக் குதிரை, ஒன்பது வயது. காணும் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, யாரோ கடையைப் பிரித்துப் போட்ட பலகையை மிதித்துவிட்டது. வலது முன்னங்கால் குளம்பில் ஆணி. அப்பா குறடால் பிடுங்கி, கோபத்தில் ஆணியைத் தூரமாக வீசிவிட்டு, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கட்டினார். மறுநாள் காலை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. நுனி மட்டும் பட்டும் படாமல் நின்றது.

வழக்கமாக லாடம் கட்டுகிறவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். கொட்டகைப் பக்கம் ஒருவர் ஊசி போடுகிற இந்த ஆளைச் சொன்னார். புல்லட்டில் வந்தார், தோளில் தோல் பை. கிண்டி ரேஸ் லாயத்தில் 18 வருடம் இருந்தேன் என்றார், போனில் பந்தயக் குதிரைகளின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அப்பா உடனே “டாக்டர் சார்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சந்தேகம் வரவில்லை, பொய் சொல்லக் கூடாது. பந்தயக் குதிரையின் படத்தை நானும் போனில் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

“அண்ணே, பொங்கலுக்குள்ள ஓடும், நான் பொறுப்பு” என்றார். எங்களை விழுத்தாட்டியது இந்த ஒரு வார்த்தைதான். காணும் பொங்கல் அன்று கடற்கரையில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். அந்த ஒரு நாள் வரும்படியில்தான் எங்களுக்குக் கொள்ளுக் கடன் அடையும். அது அவருக்கும் தெரியும்.

கழுத்தில் இரண்டு ஊசி போட்டார். மருந்து புட்டியை என்னிடம் காட்டவில்லை. காலி புட்டியைக்கூடப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஆணி ஏறின ஓட்டைக்குள் தார் மாதிரி ஒரு கறுப்புப் பசையைப் பஞ்சோடு திணித்து, மேலே தோல் துண்டு வைத்து, அதற்கு மேல் லாடத்தை அடித்து மூடிவிட்டார். அன்றைக்கு 6,500 ரூபாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இன்னும் நான்கு ஊசி, ஒன்று 1,800 ரூபாய், வெளிநாட்டு மருந்தாம். குளம்புக்குத் தடவ ஒரு டின் எண்ணெய் 900. மொத்தம் 14,600 ரூபாய். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று குதிரையைத்தான் சொல்வார்கள். இங்கே பணம் என்றால் திறந்த வாய், ரசீது என்றதும் மூடிக்கொண்டது.

அன்று ராத்திரியே பேபி நான்கு காலிலும் நின்றது. அப்பா எனக்குப் போன் செய்து அழுதார், சந்தோஷத்தில். காணும் பொங்கல் அன்று மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இருட்டும்வரை சவாரி ஓடியது. குழந்தைகள்தான் ஏறினார்கள், கனம் இல்லை என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இதற்கு அந்த ஆளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

கடைசி ஊசியின் வேகம் தீர்ந்த மூன்றாவது நாள் குதிரை மூன்று காலில் நின்றது. உடம்பு கொதித்தது. கொள்ளைத் தொடவில்லை. குளம்பும் மயிரும் சேருகிற இடத்தில் உப்பி, அங்கிருந்து சாம்பல் நிறத்தில் சீழ் வடிந்தது. நாற்றம் சந்து முனைவரைக்கும். அவருக்குப் போன் செய்தோம். “வெளிய வந்துடுச்சுல்ல? நல்லதுதான். இன்னும் ரெண்டு ஊசி போட்டா சரியாயிடும்” என்றார். அதன் பிறகு எங்கள் போனை எடுக்கவில்லை.

குட்டியானை வண்டியில் குதிரையை ஏற்றுவது என்றால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு காலை ஊன்றாத குதிரையை ஏற்றிப் பார்த்தால் வராது. ஆறு பேர் சேர்ந்து ஏற்றி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி. எங்கள் கொட்டகையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. முதல் நாளே போயிருக்கலாம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “டெட்டனஸ் ஊசி போட்டீங்களா?” அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். வீட்டு விலங்குகளிலேயே குதிரைக்குத்தான் ரணஜன்னி சீக்கிரம் வருமாம். வந்தால் தாடை இறுகி, உடம்பு விறைத்து, பிழைப்பது கஷ்டம். குளம்பில் ஆணி ஏறினால் எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டிய ஊசி அதுதான். 14,600 ரூபாயில் அது இல்லை. இரண்டாவது கேள்வி: “ஆணி எங்க?” எவ்வளவு நீளம், எந்த இடத்தில், எந்தச் சாய்வில் ஏறியது என்று தெரிந்தால்தான் உள்ளே எலும்பையோ மூட்டையோ தொட்டதா என்று சொல்ல முடியும். குளம்பின் அடியில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கிற பகுதியின் நடுவில் ஏறியிருந்தால் ரொம்ப ஆபத்தாம். முடிந்தால் ஆணியைப் பிடுங்காமலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மிதித்து மிதித்து இன்னும் உள்ளே போகும் என்றால் மட்டும் பிடுங்கி, ஓட்டையைச் சுற்றி அடையாளம் போட்டு, ஆணியையும் கையோடு கொண்டுவர வேண்டும். எங்கள் ஆணி எந்த மணலில் கிடக்கிறதோ.

லாடத்தைக் கழற்றி, குறடு போன்ற கருவியால் குளம்பைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் பேபி காலை வெடுக்கென்று இழுத்தது. அங்கே கத்தியால் கொஞ்சம் சீவியதும் கறுப்பாகப் பீச்சியடித்தது. அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. குளம்பு நம் நகம் மாதிரி, தோல் மாதிரி வீங்கிக் கொடுக்காது. உள்ளே சீழ் கட்டினால் போக இடம் இல்லை, அதனால்தான் அந்த வலி. கீழே திறந்துவிட்டால் வடிந்து போயிருக்கும். அந்த ஆள் அந்த வாயைத்தான் பசை வைத்து அடைத்தார். கீழே அடைத்ததால் சீழ் மேலே ஏறிக் குளம்புக்கு மேல் உடைத்துக்கொண்டது. ஊசி என்ன செய்தது? வலியை அமுக்கியது, அவ்வளவுதான். “என்ன மருந்துன்னு தெரியாம நான் மேல மருந்து கொடுக்கவே யோசிக்க வேண்டியிருக்கு. ஸ்டீராய்டா இருந்தா குளம்பே உள்ள பிரிஞ்சு கழண்டுடுமோன்னு வேற பயப்படணும்” என்றார் டாக்டரம்மா. காலி புட்டி இருந்திருந்தால் அந்த யோசனையும் பயமும் மிச்சம்.

எக்ஸ்ரேயில் எலும்பு தப்பித்திருந்தது. மற்றதெல்லாம் பொறுமை வேலை. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பைக் கரைத்து, குளம்பை 20 நிமிடம் அதில் வைத்திருக்க வேண்டும். துடைத்து, மருந்து வைத்து, அதன் மேல் குழந்தைகளுக்குக் கட்டுகிற டயாப்பரைச் சுற்றி, பார்சல் கட்டுகிற வெள்ளி நிற டேப்பை இறுக்காமல் ஒட்ட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் “குழந்தை எத்தனை கிலோ?” என்று கேட்டார்கள். “முந்நூறு” என்றேன். கொட்டகையில் ஈரம் கூடாது. சும்மா நிற்கிற குதிரைக்குக் கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். எல்லா எடையையும் தாங்குகிற நல்ல காலையும் தினம் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். குளம்புக்கு மேல் பின்பக்கமாக விரலை வைத்தால் நாடி தெரியும். இரண்டு காலிலும் வைத்துப் பார்த்தால், துடிப்பு பலமாக இருக்கிற காலில் ஏதோ கோளாறு. இதை முதல் நாளே தெரிந்துவைத்திருக்கக் கூடாதா என்று அப்பா பல தடவை சொல்லிவிட்டார்.

மார்ச்சில் அந்த ஆளை பெசன்ட் நகர் கடற்கரையில் பிடித்தோம். சத்தம் போடவில்லை, கேள்விதான் கேட்டோம். “ஊசி போட்ட அன்னைக்குக் குதிரை நடந்துச்சா இல்லையா?” என்று திருப்பிக் கேட்டார். நடந்தது. அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. நான், “உங்க பதிவு எண் என்ன சார்?” என்றேன். 1984-ஆம் வருட இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம், ஒவ்வொருவருக்கும் எண் இருக்கும் என்று வேப்பேரியில் சொல்லியிருந்தார்கள். “என் போன் நம்பர்தான்மா என் நம்பர்” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். பணம் வரவில்லை. புகார் கொடுக்கலாம் என்றால் அப்பா, “விடு, அவனும் பிழைக்கிறவன்” என்கிறார். இதில் எனக்கும் அவருக்கும் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இப்போது ஜூன். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட முழுசாக வளராது. மேலே சீழ் உடைத்த இடம் ஒரு பிளவாக நின்று, வளர வளரக் கீழே இறங்குகிறது. ஐந்து மாதத்தில் இரண்டு விரல் அகலம் இறங்கியிருக்கிறது. அது அடிவரைக்கும் வந்து சீவி எறியும்வரை, அதாவது இந்த வருடக் கடைசிவரைக்கும், சேணம் கிடையாது. காலையில் ஐந்தரை மணிக்கு அப்பா வெறும் கயிற்றோடு மணலில் நடத்திக்கொண்டு போகிறார். சவாரிக்கு ஒரே குதிரை.

அந்தப் பையனை நேற்று நானே தேடிப் போய்ப் பார்த்தேன். அவனுடைய வெள்ளைக் குதிரையின் பின்னங்காலைத் தூக்கிக் காட்டினான். நம்பர் வேறு யாரிடமோ கிடைத்துவிட்டிருக்கிறது. புது லாடம், ஓரத்தில் கறுப்புப் பசை பிதுங்கி நின்றது. குதிரை நன்றாகத்தான் நடந்தது. இன்று காலை ஏழு மணிக்குக் குட்டியானை சொல்லி, அவனையும் குதிரையையும் வேப்பேரிக்கு அனுப்பியிருக்கிறோம். அப்பாவும் கூடப் போயிருக்கிறார்.