கிட் கிட்டார், மூன்று வருடத்துக்கு அப்புறம்

டெலிகாஸ்டர் என்ற மின்சார கிட்டாரின் பாணியில், பாகங்களாக வரும் கிட் ஒன்றை வாங்கி நானே பூட்டி மூன்று வருடம் ஆகிறது. தினமும் வாசிக்கிறேன். காசு மிச்சம் பிடிக்கத்தான் கிட் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். 11,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பாலிஷ், நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு), அரம், சால்டரிங் அயர்ன் என்று இன்னொரு 7,000 போனது. அந்தக் காசுக்குக் கடையில் நல்ல கிட்டாரே கிடைக்கும்.

டெலியை எடுத்ததற்குக் காரணம் அதன் எளிமைதான். அதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை, நான்கு திருகாணிகளால் உடலோடு முடுக்கினார். தப்பு செய்தால் கழற்றி மாட்டலாம். நானே மூன்று முறை கழற்றியிருக்கிறேன். உடலும் தட்டையான பலகை, உப்புத்தாள் தேய்க்கச் சுலபம்.

பாலிஷில்தான் பைத்தியமாக இருந்தேன். 220-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்து, அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் சுற்றிப் பூசினேன். மாதம் ஐப்பசி. சென்னையில் மழை விட்டபாடில்லை. நான்காவது பூச்சில் உடல் முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. எதிர்வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “ஈரக் காத்துல பாலிஷ் போட்டா வெளுக்காம என்ன செய்யும் தம்பி?” என்றபடி துணியில் ஸ்பிரிட்டைப் பட்டும் படாமலும் நனைத்து ஒரே இழுப்பு இழுத்தார். வெள்ளை மறைந்தது. “தை மாசம் வரைக்கும் தொடாதே” என்றார். தொடவில்லை. மீதிப் பூச்சுகளைத் தையில்தான் போட்டேன்.

இவ்வளவு பாடுபட்டவன், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளுக்குச் செலவழித்தது அரை மணி நேரம். அதற்கான தண்டனை கம்பி மாட்டிய அன்றே கிடைத்தது. மூன்றாவது கம்பியை ஏழாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் எட்டாம் ஃப்ரெட்டின் சுரம் கேட்டது. பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள் மேல் வைத்துப் பார்த்தேன், நடுவில் இருந்த எட்டாம் ஃப்ரெட்டின் மேல் கார்டு தராசுபோல் ஆடியது. அதன் ஒரு முனை மரத்தில் முழுதாக இறங்கவில்லை. மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, க்ளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டேன். சரியாகிவிட்டது. மற்ற ஃப்ரெட்டுகளைச் சமன்செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கிட்டார் வாசிக்கிற மாதிரி ஆனது அதற்குப் பிறகுதான். பாலிஷைப் பார்த்து வீட்டுக்கு வந்தவர்கள் பாராட்டுவார்கள், விரலுக்கு ஃப்ரெட்தான் தெரியும்.

பிளாஸ்டிக் நட்டில் கம்பி சிக்கி, ட்யூன் செய்யும்போதெல்லாம் ‘டிங்’ என்று குதிக்கும். எலும்பு நட் போட்டதும் அந்தத் தொல்லை போனது. உடலில் கம்பிகளின் மறுமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜுக்கு ஓட்டை போட்டே அனுப்புகிறார்கள். இருந்தாலும் அளந்துகொள்ளுங்கள். நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 324 மி.மீ., அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடில் வரை அதே அளவோ ஓரிரு மி.மீ. கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

வயரிங்கில் ஒரு குறை இருந்தது. பிரிட்ஜுக்கு எர்த் வயரே கொடுக்கவில்லை, கிட்டோடு வந்த படத்திலும் இல்லை. கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையாததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகிலிருந்து ஒரு வயரை இழுத்து, முனையை உரித்து, பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் செருகினேன். பாதி இரைச்சல் அடங்கியது. மீதி சிங்கிள் காயில் பிக்கப்போடு, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருளோடு, கூடவே வருவது.

மூன்று வருடத்தில் ட்யூனர்கள் அப்படியே இருக்கின்றன, பிக்கப்பையும் மாற்றவில்லை. கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை வருடத்துக்கு இரண்டு முறை கால் சுற்று திருப்புகிறேன். தோற்றதென்னவோ நான் பெருமைப்பட்ட பாலிஷ்தான். வெயிலுக்கும் வியர்வைக்கும் அரக்கு இளகும். போன மே மாதம் மின்சாரம் இல்லாத மதியம் ஒன்றில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டுக் கையை எடுத்தால், முன்கை படும் இடத்தில் என் காட்டன் சட்டையின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. ஸ்பிரிட் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். இன்னும் இழுக்கவில்லை.