பைக்கில் டிபிஎஸ் சென்சார் செட் பண்ணித் தர்றோம்னு வீட்டுக்கே வந்து ரூ.4,300 அடிச்சுட்டாங்க, உஷார்!

ஆப்பில் புக் செய்தால் மெக்கானிக்கை வீட்டு வாசலுக்கே அனுப்பும் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அப்படி ஒன்றில் 4,300 ரூபாய் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) பைக் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது பிஎஸ்6 வண்டி, 150 சிசி. ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி ஏறி இறங்கும், சிக்னலில் நின்றால் தானாக ஆஃப் ஆகும். வந்த பையன் டிப்டாப்பாக இருந்தான். கையில் மல்டிமீட்டர் வேறு. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் (அதுதான் டிபிஎஸ்) கனெக்டருக்குப் பின்னால் ஊசியைச் செருகி, "த்ராட்டில் மூடியிருக்கப்போ அரை வோல்ட் பக்கம் காட்டணும், உங்களுக்கு 0.9 காட்டுது பாருங்கண்ணா" என்று மீட்டரை என்னிடமே நீட்டினான். முறுக்கிப் பார்க்கச் சொன்னான், எண் ஏறியது. சென்சாருக்கு 5 வோல்ட் போகும், த்ராட்டில் திறக்கத் திறக்க சிக்னல் வோல்ட்டேஜ் கூடும், அதையும் பார்த்துத்தான் இசியு (வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர்) பெட்ரோல் அளவை முடிவு செய்யும் என்று அழகாக விளக்கினான். எரிச்சலே அங்கேதான். சொன்ன பாடத்தில் தப்பே இல்லை. நம்பாமல் என்ன செய்வது?

சென்சார் திருகுகளின் தலையில், யாரும் அசைக்கவில்லை என்பதற்கு அடையாளமாகக் கம்பெனி வைத்த மஞ்சள் பெயின்ட் குறி இருக்கும். அதை ஸ்குரூடிரைவர் முனையால் சுரண்டிவிட்டு, திருகைத் தளர்த்தி சென்சாரை லேசாகத் திருப்பினான். ஐடிலிங் அலறியது. "சென்சாரே போச்சுண்ணா. பையில் ஒரிஜினல் ஒண்ணு இருக்கு, 4,300. ஆப்பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்து ஐயாயிரம் தாண்டும், என் நம்பருக்கே அனுப்பிடுங்க." குடிக்கத் தண்ணீர் கேட்டான். எடுத்து வருவதற்குள் மாட்டி முடித்துவிட்டான். பழையது எங்கே என்றால், "கம்பெனிக்கு ரிட்டர்ன் அனுப்பணும்ணா."

மறுநாள் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திக்கித் திணறியது, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அலைக்கழிப்பு. சாட்டில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று போட்டுவிட்டு டிக்கெட்டை அவர்களே மூடிவிட்டார்கள். போனில் ஒரு பெண், "எங்க பில்லில் விசிட் சார்ஜ் 399 மட்டும்தான் சார் இருக்கு, பார்ட்ஸ் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விஷயம்" என்றார். அவருக்கு மேலே உள்ளவரோ, திருகில் பெயின்ட் இல்லாததால் நானே கழற்றியிருக்கலாம் என்கிறார். சுரண்டியதே நீங்கள் அனுப்பிய ஆள்தானய்யா! அந்தப் பையனின் நம்பர் எப்போது அடித்தாலும் ஸ்விட்ச் ஆஃப். இதற்கு நடுவில் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று மெசேஜ் வேறு.

பிறகு எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கே இருக்கும் பெரியவர் சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். வெளிப்பக்கம் துடைத்துப் பளபளவென்று இருந்தது. கனெக்டர் மாட்டும் பள்ளத்தில் மட்டும் எண்ணெயோடு இறுகிய செம்மண். "புது சென்சாருக்குள்ளே இவ்வளவு மண் எப்படி தம்பி வரும்?" என் சென்சாரையே எனக்கு 4,300 ரூபாய்க்கு விற்றிருக்கிறான்! அந்த அரை வோல்ட் கணக்கும் எல்லா வண்டிக்கும் ஒன்றில்லையாம், மாடலுக்கு மாடல் மாறுமாம். உண்மையான கோளாறு, இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் ஐடிலிங் காற்று போகும் வழியில் படிந்த கரி. சுத்தம் செய்ததும் வண்டி அடங்கியது. ஆனால் சென்சாரை அசைத்துவிட்டதால் ஸ்கேனர் மாட்டி மறுபடி செட் பண்ண ஷோரூமுக்கும் போக வேண்டியதாயிற்று, அது தனிச் செலவு.

சரி, சொல்கிறேன் என்றேனே. பெயின்ட் குறி வைத்த திருகில் எவன் கை வைத்தாலும் முதலில் நிறுத்துங்கள். பில் இல்லாமல் தனி நம்பருக்குப் பணம் போடாதீர்கள். பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், புதியதை உங்கள் முன்னால்தான் கவரிலிருந்து பிரிக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன், 4,300 ரூபாயை விடுவதாக இல்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது அவர்களுக்கு மறுபடி போன் போட வேண்டும்.