"வேற கலர் ஸ்டாக் இல்ல": பிங்க் ஐபோன் 13, நான்கு வருடப் பயன்பாட்டு அனுபவம்

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் ஒரு கடையில் ஐபோன் 13 வாங்கினேன். 128 ஜிபி, 3,899 வெள்ளி (ரிங்கிட்), பிங்க் நிறம். அதன்பிறகு போனைப் பார்த்தவர்கள் எல்லாரிடமும் "வேற கலர் ஸ்டாக் இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் கடையில் ஐந்து நிறமும் இருந்தன. கறுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு என்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் கண்ணில் பட்ட பிங்க்கிடமே திரும்பி வந்தேன். கடைக்காரர், "பினி புஞ்ய கா, பாஸ்?" என்றார். பெண்டாட்டிக்குத்தான் என்று தலையாட்டினேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இந்த பிங்க் கண்ணைக் குத்தும் பிங்க் இல்லை. பாலில் ரோஸ் சிரப்பை இரண்டு சொட்டு விட்ட மாதிரி. டியூப் லைட்டில் வெள்ளை என்றே நினைப்பீர்கள். சாயங்கால வெயிலில்தான் தன் குணத்தைக் காட்டும். பின்பக்கம் பளபளக்கும் கண்ணாடி, சுற்றியிருக்கும் அலுமினியச் சட்டம் அதைவிட ஒரு பிடி அடர்த்தி. எனக்கு அந்தச் சட்டம்தான் பிடித்தது. பிடித்ததற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கறுப்பு வாங்குகிறவனை யாரும் காரணம் கேட்பதில்லையே.

பிடித்து வாங்கியவன் என்ன செய்தேன் தெரியுமா? கடை வாசலிலேயே 25 வெள்ளிக்குத் தடித்த கறுப்பு உறை ஒன்று வாங்கி மாட்டினேன். எட்டு மாதம் அந்த உறைக்குள்தான் போன் குடியிருந்தது. குறுக்காக இரண்டு கேமரா இருக்கும் அந்த மேடு மட்டும் பிங்க்காக எட்டிப் பார்க்கும். அதையும் ஆள்காட்டி விரலால் மறைத்துப் பிடிக்கப் பழகியிருந்தேன்.

நான் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். செராஸ் பக்கம் அடுக்குமாடிகள்தான் பெரும்பாலும். எங்கள் குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். கறுப்பு உறை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அந்த உறை கழன்றதும் இதே வேலையால்தான். லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தை நாங்கள் பிட் என்போம். எண்ணெய், கிரீஸ், தூசி எல்லாம் சேர்ந்து தரையே கறுப்பாக இருக்கும். ஒருநாள் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து போன் நழுவி விழுந்தது. சைலண்டில் போட்டிருந்தேன். கறுப்புத் தரையில் கறுப்பு உறை. டார்ச் அடித்து இருபது நிமிடம் தேடினோம். மேலே ஆறாவது மாடியில் ஓர் ஆன்டி பால் பாக்கெட்டோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிறார்.

கிடைத்ததும் அண்ணன் ஒருவர், எங்கள் சீனியர், "கவரக் கழட்டி வீசுடா, வெள்ளையா இருந்தா கண்ணுக்குத் தெரியும்" என்று அவரே கழற்றினார். கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. "என்னடா, ரோஸ் கலரு?"

அப்புறம் என்ன, ஒரு மாதம் ஓட்டினார்கள். தங்கச்சி போனா, லிப்ஸ்டிக் எங்கே, இப்படி. கேடிஎம் கோமுட்டர் புறநகர் ரயிலில் 2010-இலிருந்து பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, பிங்க் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வேலை முடிந்து பண்டார் தாசிக் செலாத்தானில் ரயிலுக்கு நின்றால், "உன் பெட்டி அங்க வருதுடா" என்பார்கள். இதில் எனக்குக் கோபம் வந்ததாகச் சொன்னால் பொய். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த "ஸ்டாக் இல்ல" கதையைச் சொன்னேன் பாருங்கள், அதுதான் அலுப்பு. ஒருவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தது என்றேன். இன்னொருவரிடம் அக்கா வாங்கி வேண்டாம் என்று தந்தது என்றேன். எவரிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கே குழம்பிப்போனது.

அந்தக் குழப்பம் முடிந்த இடம் ஒரு மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். "ஆம்பளைக்கு எதுக்குடா இந்தக் கலரு" என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். அவர் முன்னால் பெரிய கிளாஸில் ஐஸ் போட்ட சிராப் பண்டுங், ரோஸ் சிரப் கலந்த பிங்க் பால். பக்கத்து மேசையில் ஃபுட்பாண்டா உணவு டெலிவரி ஓட்டும் மூன்று பேர், பிங்க் சட்டையை நாற்காலியில் தொங்கவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். காசு கட்ட எழுந்தால் கல்லாவில் டுயிட்நவ் கியூஆர் அட்டை, அதுவும் பளீர் பிங்க். நான் ஒன்றும் பேசவில்லை. பண்டுங்கைக் காட்டினேன், சட்டையைக் காட்டினேன், கியூஆரைக் காட்டினேன். அண்ணன் ஸ்ட்ராவை எடுத்துவிட்டுச் சிரித்தார். "சரி, எனக்குப் பிடிச்சிருந்தது, வாங்கினேன். எல்லாக் கலரும் இருந்துச்சு" என்று அன்றுதான் சொன்னேன். யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பேச்சு ஓவர்டைம் சம்பளத்துக்குப் போய்விட்டது. எட்டு மாதமாக நான் மறைத்துவைத்த ரகசியத்துக்கு மரியாதை அவ்வளவுதான்.

2023 ஜூலையில் மெஸ்ஸி இன்டர் மயாமிக்குப் போனார். அந்த அணியின் சட்டை பிங்க். சில வாரங்களில் எங்கள் பக்கத்துப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதே சட்டை குவிந்து கிடந்தது. "லிப்ஸ்டிக் எங்கே" என்று கேட்டவன் முதல் ஆளாக வாங்கிப் போட்டுக்கொண்டு ஃபுட்சால் ஆட வந்தான். அவனை ஓட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சட்டை அவனுக்கு நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இந்த நிற விவகாரம் ஏதோ ஆதி காலத்து வழக்கம் என்று நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால் நூறு வருடம்கூட உறுதியாக நிற்காது போலிருக்கிறது. 1918-இல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான பத்திரிகை ஒன்று, பிங்க் அழுத்தமான, வலுவான நிறம், ஆகவே ஆண் பிள்ளைக்கு, நீலம் மென்மையானது, பெண் பிள்ளைக்கு என்று எழுதியிருக்கிறது. இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இப்போதைய கணக்கு நிலைத்தது. போன் விஷயத்திலும் இதே கூத்துதான். 2015-இல் ஐபோன் 6எஸ் ரோஸ் கோல்டில் வந்தபோது ஆண்களும் வாங்கினார்கள், அதற்கு "ப்ரோஸ் கோல்ட்" என்று கேலிப் பெயரும் வைத்தார்கள். பெயரை மாற்றிவைத்தால்தான் மனசு ஒப்புகிறது.

எங்கள் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னால் புரியவே இல்லை. தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பிறந்து வளர்ந்தவர். போனைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "ரோஸு. நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வரச் சொன்னார். வரவேற்பில் அப்பா போட்டிருப்பது ரோஸ் கலர் சட்டை, பெரிய காலர். நான் எத்தனையோ முறை பார்த்த படம், நிறத்தைக் கவனித்ததே இல்லை. ராமராஜன் பளிச் பளிச்சென்று சட்டை போட்டு நடித்தபோது தியேட்டரில் விசில் அடித்த தலைமுறை அது. எங்கள் தலைமுறைதான் கறுப்பும் சாம்பலும் போதும் என்று ஒடுங்கிவிட்டது போல.

கல்யாணம் 2024-இல் ஆனது. மனைவியின் போன் கறுப்பு. சாப்பாட்டுக் கடையில் இரண்டையும் மேசையில் வைத்திருந்தால், மேசை துடைக்க வருகிறவர் பிங்க்கை அவள் பக்கமும் கறுப்பை என் பக்கமும் நகர்த்தி வைப்பார். இது ஒருமுறை இல்லை, மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நடக்கும். நான் சிரிப்பேன், அவள் சிரிக்க மாட்டாள். அவள் முதலாம் வகுப்பு படித்தபோது பள்ளிப் பை பிங்க், தண்ணீர் பாட்டில் பிங்க், பென்சில் பெட்டி பிங்க், மழைக்கோட்டு பிங்க். "உங்களுக்கு எடுத்தா துணிச்சல். எனக்கு வேணாம்னு சொல்ல எவன் வாய்ப்பு கொடுத்தான்?" என்றாள். ஆண்கள் பிங்க் எடுப்பதைப் பெரிய புரட்சி மாதிரி நான் பேசிக்கொண்டிருந்த இரவு அது. அதோடு அந்தப் பேச்சை நிறுத்தினேன். நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015-இல் ஏறக்குறைய 800 பொருள்களை ஒப்பிட்டு, பெண்களுக்கென்று விற்பவை சராசரியாக 7 விழுக்காடு விலை கூடுதல் என்று சொன்னதையும் அவள்தான் காட்டினாள். அந்த வகையில் ஐபோனில் எல்லா நிறமும் ஒரே விலை. ஷேவிங் ரேசருக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

சரி, போன் எப்படி என்று கேட்டுப் படிக்க வந்தவர்களுக்கு. ஏ15 சிப் இன்றைக்கும் எனக்குப் போதும், ஐஓஎஸ் 26 ஓடுகிறது. பேட்டரி 81 விழுக்காட்டில் இருக்கிறது. 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறினால் 80 என்பதுதான் இதன் கணக்கு, ஆக என் போன் வயதுக்கேற்றபடி நடந்துகொள்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு பவர்பேங்க் தேடுகிறேன். தைப்பூசத்தில் பத்துமலை படிக்கட்டை இரவில் எடுத்த படங்கள் அருமை. தூரத்துக் காவடியை இழுத்து எடுக்க முடியாது, ஆப்டிகல் ஜூம் இல்லை என்று தெரிந்துதான் வாங்கினேன். ஐபி68 தண்ணீர்த் தாங்கும் திறனை ஒருமுறை விரும்பாமலே சோதித்தேன். அடைமழைக்கு மறுநாள் பிட்டில் கணுக்கால் தண்ணீர், போன் உள்ளே. இந்த முறை உறை இல்லை. கலங்கிய தண்ணீருக்கு அடியிலும் பிங்க் தெரிந்தது. பத்து விநாடியில் எடுத்தேன். அண்ணன்கூட "ஆரஞ்சு ஹெல்மெட் மாதிரி இதையும் கம்பெனியே கொடுக்கலாம்" என்றார்.

குறை என்றால் கிரீஸ் கைரேகை. கறுப்பில் தெரியாதது இதில் உடனே தெரியும், நாளுக்கு நாலு முறை துடைக்கிறேன். நடுவில் ஒரு மலிவான ஒளிபுகும் உறை போட்டுப் பார்த்தேன். ஐந்தே மாதத்தில் மஞ்சளடித்து, உள்ளே இருந்த பிங்க் புளித்த பண்டுங் மாதிரி ஆகிவிட்டது. சாவிக்கொத்தோடு போட்டதால் சார்ஜர் ஓட்டையைச் சுற்றிச் சட்டத்தில் வெள்ளிக் கோடுகள். மற்றபடி நிறம் மங்கவில்லை. இன்னொரு லாபம், கார்த்திகை விளக்குக்கு வீட்டில் முப்பது பேர் கூடினாலும் என் போனை யாரும் தன்னுடையது என்று எடுத்துப் போனதில்லை.

போன மாதம் புதிதாக ஒன்று பார்க்கலாம் என்று மறுபடி லோ யாட் போனேன். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 அடுக்கியிருந்தது. பிங்க் கேட்டேன். கடைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல பிங்க் வரவே இல்ல அங்கிள், லாவண்டர் இருக்கு" என்றான். கையில் எடுத்துப் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் திரும்பி வந்து பழைய போனுக்குப் பேட்டரி மாற்ற முன்பதிவு செய்துவிட்டேன். வீட்டில் ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள். வேற கலர் ஸ்டாக் இல்ல என்றேன். அவள் நம்பவில்லை.