ஃபெடோராவின் எஸ்ஈலினக்ஸ் பாலிசி, ரிசால்வ்டோடு ஒரு சாயங்காலம்: ஐந்துக்கு நாலு ஸ்டார்

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் நாலு பில்லிங் கம்ப்யூட்டரையும் ஒரு சர்வரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாமே ஃபெடோரா என்கிற லினக்ஸ். பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தேடித் தருவது அதில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு, 2020-ல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து அதுதான். அதற்கு வாசல் காவல் எஸ்ஈலினக்ஸ் பாலிசி: ஒவ்வொரு ஃபைலுக்கும் ப்ரோக்ராமுக்கும் ஒரு லேபிள் ஒட்டி, எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று சொல்லும் விதிகள். போன வாரம் அந்தக் காவல் என்னை நன்றாக அலையவிட்டது.

கடைக்குள் இருக்கும், பெயர்களுக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை ஒரு சின்ன கான்ஃப் (செட்டிங்) ஃபைலாக என் ஹோம் ஃபோல்டரில் எழுதி, எம்வி கட்டளை போட்டு ரிசால்வ்டின் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். ஓனர் ரூட், பெர்மிஷன் 644, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் வெளித் தளங்கள் எல்லாம் திறக்கின்றன, பில்லிங் சர்வர் மட்டும் பெயரைச் சொன்னால் கிடைக்கவில்லை. "தம்பி, கூட்டம் வர்ற நேரம்ப்பா" என்று முதலாளி ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். லாகில் பெர்மிஷன் டினைடு, அவ்வளவுதான், ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஸ்டாரைப் பிடித்தது இதற்குத்தான். காரணம் ஆடிட் லாகில் தனியாகக் கிடக்கிறது, ஏயூசர்ச் கட்டளையில் ஏவிசி (எஸ்ஈலினக்ஸ் தடுத்ததன் பதிவு) என்று தேடினால்தான் வரும்.

ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸோடு, லேபிளையும் காட்ட பெரிய இசட் போட்டுப் பார்த்தேன். ஃபைலின் லேபிள் இன்னும் யூசர்_ஹோம்_டி, அதாவது ஹோம் ஃபோல்டருக்கு உரியது! எம்வி பழைய லேபிளையும் சேர்த்தே தூக்கி வரும், காப்பி எடுக்கும் சிபி என்றால் போய்ச் சேரும் ஃபோல்டரின் லேபிள் ஒட்டிக்கொள்ளும். லேபிளைச் சரியானதாக மாற்றும் ரீஸ்டோர்கான் ஒரு தடவை, ரீஸ்டார்ட் ஒரு தடவை, சரியாகிவிட்டது.

செட்என்ஃபோர்ஸ் ஜீரோ போட்டு எஸ்ஈலினக்ஸ் தடையை மொத்தமாக நிறுத்தினால் போச்சு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆள் யார் என்பது பேச்சே இல்லை; இங்கேயும் அப்படித்தான், ஃபைல் பெர்மிஷன் திறந்து கிடந்தாலும் லேபிள் ஒத்துவந்தால்தான் உள்ளே. ரிசால்வ்டு வெளியிலிருந்து வரும் பதில்களைப் பிரித்துப் படிக்கிற ப்ரோக்ராம். 2017 ஜூனில் அதில் ஒரு ஓட்டை வெளியானது: பாக்கெட்டுக்கு ஒதுக்கிய இடம் போதாமல், வில்லங்கமாகத் தயாரித்த ஒரு பதில் அந்த எல்லையைத் தாண்டி மெமரியில் எழுத முடிந்தது. அப்படி ஒருவன் உள்ளே புகுந்தாலும் என் ஹோம் ஃபோல்டரைத் தொடக்கூடாது என்றுதானே இந்தத் தடை. அன்றைக்கு மாட்டியது என் ஃபைல், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் செமேனேஜ் கட்டளையில் ரிசால்வ்டின் டொமைனை (அந்த ப்ரோக்ராமின் லேபிளை) மட்டும் பெர்மிஸிவ் ஆக்குங்கள், அதை மட்டும் தடுக்காமல் லாகில் எழுதும், மற்றதெல்லாம் பூட்டியே இருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், நான் ஒரு தடவை ரெண்டு நாள் மறந்திருக்கிறேன்.