ரத்தத்திலேயே தங்கும் கான்ட்ராஸ்ட்: அல்புமினா, இரும்பா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ரத்தக் குழாய் பளிச்சென்று தெரிய வழக்கமாகப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தான காடோலினியம் (ஓர் உலோகம்) ஊசிக்கு ரத்தக் குழாயில் நிற்கப் பொறுமை கிடையாது. சின்ன மூலக்கூறு, சில நிமிடங்களில் திசுக்களுக்குள் கசிந்துவிடும். தமனியைத் தெளிவாகப் பிடிக்க, மருந்து முதல் சுற்று வரும் சில நொடிகள்தான் அவகாசம். அந்த நேரம் பார்த்து நோயாளி இருமினால் போச்சு.

இதற்கு மாற்றாக வந்தவற்றில் காடோஃபாஸ்வெசெட்டின் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூலக்கூறைப் பெரிதாக்காமல், ரத்தத்தில் ஏற்கெனவே ஓடும் அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்ள ஒரு கொக்கி மட்டும் வைத்தார்கள். 80 சதவீதத்துக்கு மேல் அல்புமினோடு ஒட்டியிருக்கும்; விடுபடுவது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் போய்விடும். பருத்த அல்புமின் மெதுவாகச் சுழல்வதால் அதில் ஒட்டிய காடோலினியமும் மெதுவாகச் சுழலும், சிக்னல் பல மடங்கு கூடும். அதனால் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் தேவைப்பட்ட இடத்தில் 0.03 போதும். ஒரு மணி நேரம் வரை நிதானமாகப் படமெடுக்கலாம். ஆனால் 3 டெஸ்லா (காந்த வலுவின் அளவு) இயந்திரத்தில் இந்த ஆதாயம் கணிசமாகக் குறைந்துவிடும்.

ஃபெருமாக்ஸிடால் வேறு ஜாதி. சர்க்கரைப் பூச்சுள்ள இரும்பு ஆக்சைடு நுண்துகள். கசிய முடியாத பருமன். ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம். சிறுநீரகத்தை நம்பியே இல்லை. கல்லீரல், மண்ணீரல் செல்கள் விழுங்கிவிட, இரும்பை உடலே ரத்தம் ஊறப் பயன்படுத்திக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோல் இறுகும் நோய்க்கும் காடோலினியத்துக்கும் தொடர்பு உண்டென்று 2006-இல் தெரிந்த பிறகு, இது சாதாரண அனுகூலம் அல்ல. அப்புறம் இதன் தொல்லைகள்: கடும் ஒவ்வாமை பற்றி 2015-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டம் கட்டி எச்சரித்தது, இப்போது குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். மூன்று மாதம் வரை அடுத்த ஸ்கேன்களையும் குழப்பலாம்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி, தமனியும் சிரையும் சேர்ந்தே ஒளிர்வது. முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு தமனியோடும் இரண்டு சிரைகள் ஒட்டிக்கொண்டே போகும். படத்தில் மூன்றும் ஒரே வெள்ளை. நுணுக்கமாக எடுத்தால்தான் பிரிக்கலாம்.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் காடோஃபாஸ்வெசெட், இல்லையேல் இரும்பு என்பேன். ஆனால் 2008 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற காடோஃபாஸ்வெசெட், விற்பனை போதாமல் பத்தாண்டுக்குள் நின்றுபோனது. இரும்பு தப்பியது, 2009-லேயே சோகை மருந்தாக அனுமதி வாங்கி வைத்திருந்ததால்.