நூலகர் எடுத்துக் கொடுத்த புத்தகங்கள்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புத்தகம் பதிவு செய்யும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு ரேக் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் தாங்கள் படித்து ரசித்த புத்தகங்களை அதில் வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, கையெழுத்தில் இரண்டு மூன்று வரி. பல வருடங்களாக நான் வீட்டுக்கு எடுத்துப் போவதில் பாதிக்கு மேல் அந்த ரேக்கிலிருந்துதான். அதனால் இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இதன் தேவை. அரசு நூலகத்துப் புத்தகம் நாலு பேர் கை பட்டதும் பைண்டிங்குக்குப் போய்விடும். திரும்பி வரும்போது மேலட்டை இருக்காது, பின்னட்டைக் குறிப்பும் இருக்காது. பழுப்பு நிற முதுகுகள் வரிசையாக நிற்கும். நாவல் அடுக்கின் முன்னால் நின்றால் எதை உருவுவது என்றே தெரியாது. கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் எத்தனை முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்த்து எடுக்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சிக்கல்: எல்லாரும் எடுத்ததையே நாமும் எடுப்போம். முத்திரையே விழாத நல்ல புத்தகம் அடுக்கிலேயே கிடந்து பூச்சிக்குப் போகும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதைப் பற்றி விழாக்களில் நிறையப் பேசுகிறார்கள். இந்த ரேக் உண்மையில் மூன்றாவதைத்தான் செய்கிறது. வெகுகாலமாக யாரும் தொடாத ஒரு பயணநூல் அங்கே வந்து உட்கார்ந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அதன் தேதிச் சீட்டு நிரம்பி, மேலே புதுச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் எல்லாச் சீட்டும் ஒன்றல்ல. ‘அருமையான நூல், அனைவரும் படிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் நான் தொடுவதில்லை. படிக்காமலே எழுதக்கூடிய வரி அது. ‘முதல் அறுபது பக்கம் மெதுவாகப் போகும், கிணறு வெட்டுகிற இடம் வந்த பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்’ என்று ஒரு சீட்டு இருந்தது. அதை நம்பலாம், நம்பினேன், கிணறும் சொன்ன இடத்தில் சரியாக வந்தது. இன்னொன்றில் ‘நாய் செத்துப்போகும், தெரிந்துகொண்டு எடுங்கள்’ என்று மட்டும் இருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அதுவும் பயனுள்ள பரிந்துரைதான்.

சீட்டை விடப் பேச்சு மேல். முன்பு இருந்த நூலகர் ‘என்ன மாதிரிப் புத்தகம் வேணும்?’ என்று கேட்கவே மாட்டார். ‘கடைசியாப் படிச்சதுல எது பிடிச்சுது சார்? எதைப் பாதியில விட்டீங்க?’ என்பார். பாதியில் விட்டதைச் சொன்னால்தான் அவருக்கு நம் ருசி பிடிபடும். அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகத்தில் இருந்த நான்சி பேர்ல் என்பவர், வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் என்கிறார்: கதை, மனிதர்கள், இடம், மொழி. பிடிக்காவிட்டால் ஐம்பது பக்கத்தில் விட்டுவிடலாம் என்பதும் அவர் கணக்கு; ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மிச்சம் வருகிற அளவு பக்கம் படித்தால் போதுமாம். எங்கள் நூலகர் இதைப் படித்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் ‘மனுஷங்களுக்காகப் படிக்கிற ஆள் நீங்க’ என்று அவர் என்னைச் சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு. பெரிய குறை, எல்லாமே ஆளைப் பொறுத்து இருப்பது. அந்த நூலகர் மாற்றலாகிப் போனதும் ரேக் சில மாதம் காலியாகக் கிடந்தது. அப்புறம் அதில் டிஎன்பிஎஸ்சி கைடுகள் ஏறின. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, இன்று நூலகத்துக்குத் தினமும் தவறாமல் வருவது அவர்கள்தான். ஆனால் உறுப்பினர் சேர்ப்பு, பத்திரிகைப் பதிவு, இரவல், பெருக்குவது வரை ஒரே ஆள் பார்க்கிற இடத்தில், படித்து ரசித்துச் சீட்டு எழுதுவது அவரவர் நல்ல மனசுக்கு விட்ட வேலையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 2013 முதல் ‘லைப்ரரி ரீட்ஸ்’ என்ற ஏற்பாட்டில், பொது நூலக ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்த புதுப் புத்தகங்களுக்கு ஓட்டுப் போட்டு மாதம் பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் போனாலும் பட்டியல் நிற்காது. நமக்கு மாவட்ட அளவிலாவது அப்படி ஒன்று வரலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

இன்னொரு தொல்லை, பரிந்துரைத்த நூல் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். சீட்டு நன்றாக இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயரை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்வார்கள். அந்த நோட்டை நினைவாகப் பார்க்கிறவர் யாரும் இல்லை, நாமே போய்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது இருக்கும் நூலகர் அம்மாவின் ருசி வேறு. நாவல் அதிகம் படிக்க மாட்டார். ஊர் வரலாறு, கல்வெட்டு, தன்வரலாறு என்று வைப்பார். முதலில் எனக்கு ஒட்டவில்லை. பிறகு அவர் கொடுத்த ஒரு ரயில்வே ஊழியரின் தன்வரலாற்றை இரண்டு இரவில் முடித்தேன். கல்வெட்டுப் பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அவரும் விடுவதாக இல்லை, போகும்போதெல்லாம் ஒன்றை நீட்டுகிறார்.

கேட்டு வாங்க நினைப்பவர்கள் காலையில் போக வேண்டாம், பேப்பர் படிக்கிற கூட்டம் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் நூலகருக்குப் பேச நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை.